ராத்திரியில மலை மேல நர்ஸ் இல்ல, தங்கச்சிக்கு எட்டாம் மாசம். என்ன வழி?

காப்பித்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு கடையில வேலை பாக்கறேன். வீடு ஏற்காடு மலையில, டவுன்ல இருந்து நல்லா உள்ள தள்ளி. பஸ் நிக்கிற இடத்துல இருந்து ரெண்டரை கிலோமீட்டர் நடக்கணும். அதுல கடைசி ஒரு கிலோமீட்டர் மண் பாதை. மழை பேஞ்சா ஜீப்பும் ஏறாது.

தங்கச்சிக்கு எட்டாம் மாசம், தலைப்பிரசவம். மச்சான் எஸ்டேட்ல தினக்கூலி, இப்ப மிளகு பறிக்கப் போறார். எங்க ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டிடம் கட்டியிருக்காங்க. டைல்ஸ், சாய்தளம், கம்பி கேட் எல்லாம் இருக்கு. 15வது நிதிக்குழு நிதின்னு கல்வெட்டும் வெச்சிருக்காங்க. போர்டுல பேரும் மாறி நலவாழ்வு மையம்னு ஆயிடுச்சு. எம்.எல்.எச்.பி.ன்னு, அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளரா, ஒரு சிஸ்டர் வர்றாங்க. தங்கமான பொண்ணு. எங்கப்பா பிரஷர் மாத்திரைக்காக மாசத்துல ஒரு நாள் கூலிய விட்டுட்டு கீழ போவார். இப்ப மாத்திரை ஊருக்கே வருது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல அங்க யாரும் இல்ல. பழைய ஓட்டுக் கட்டிடத்துல நர்சம்மா குடும்பத்தோட தங்கியிருந்தாங்க. நான் பொறந்ததே அந்தக் கட்டிடத்துலதான். புதுசுல படுக்கை இருக்கு, ராத்திரி தங்க ஆள் இல்ல. போன மழையில பக்கத்து வீட்டு அக்காவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வலி எடுத்துது. போர்வையில டோலி கட்டி நாலு பேர் மாத்தி மாத்தித் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்தோம். டார்ச் புடிச்சுட்டு முன்னால போனது நான்தான். அந்தக்கா வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, "வழுக்கி விழுந்துடாதீங்கப்பா"ன்னுதான் சொல்லிட்டே வந்தாங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா தங்கச்சி மூஞ்சியப் பாக்கறப்ப எல்லாம் அந்த ராத்திரி ஞாபகம் வருது.

கேக்க வேண்டியது நாலு விஷயம். இந்த நிலையத்துக்கு வர்ற பணத்தை எதுக்குச் செலவு பண்ணலாம்னு யார் முடிவு பண்றாங்க? கட்டிடத்துக்கு வந்த காசு ராத்திரி ஒரு ஆளைத் தங்க வைக்க ஏன் வராது? காப்பீட்டு அட்டை பிரசவத்துக்கு உதவுமா, எங்க போய் எடுக்கறது? முக்கியமா, தங்கச்சிய எங்க கூட்டிட்டுப் போறது, எப்பக் கூட்டிட்டுப் போறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலு_ரோடு

வணக்கம் தம்பி. நான் ஒரு அரசு மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அட்டை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்க எந்த அட்டையும் வேண்டாம். 2011 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டில் கொண்டுவந்து விடும் வண்டி எல்லாமே இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்படித்தான். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அட்டை எடுத்து வைப்பது நல்லதுதான், நாளைக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரிய அறுவை சிகிச்சை என்றால் உதவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அதையும் இதையும் இணைத்துவிட்டார்கள். ஒரே அட்டை, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு சேலம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். போட்டோ எடுப்பார்கள். கர்ப்பிணியை இதற்காக மலை இறக்கி அலைய விடாதீர்கள், பிரசவம் முடிந்து போகலாம்.

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கும் என் மேஜையிலிருந்து ஒன்று சொல்ல முடியும். காப்பீட்டில் பணம் எப்போது வரும்? ஒரு நோயாளியைச் சேர்த்து, பட்டியலில் உள்ள ஒரு சிகிச்சையைச் செய்து, நாங்கள் க்ளைம் போட்டால் வரும். அரசு மருத்துவமனைக்கும் அப்படித்தான் வருகிறது. அந்தப் பணத்தில் கருவி வாங்கியிருக்கிறோம், எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட் வாங்கியிருக்கிறோம். ஏழைகளுக்கு அது பெரிய உதவி, என் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் இடத்துக்கு, ராத்திரி விழித்திருந்து கர்ப்பிணியைக் கவனிக்கும் இடத்துக்கு இதில் ஒரு ரூபாய் போகாது. அங்கே க்ளைம் போட எதுவும் இல்லை. அந்த இடங்களுக்கு வேறு கணக்கில், தேசிய நலவாழ்வு இயக்கம் வழியாகத்தான் பணம் வர வேண்டும். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வரும் பணம் அது. அதைப் பற்றிக் களத்தில் வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மலைநர்ஸ்

தம்பி, உன் பதிவைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நான் கிராம சுகாதார செவிலியரா 1989ல வேலைக்குச் சேர்ந்து 2024ல ஓய்வு பெற்றவ. முப்பத்தஞ்சு வருஷத்துல பாதிக்கு மேல சேர்வராயன் மலையிலதான். நீ சொல்ற மாதிரி ஒரு ஓட்டுக் கட்டிடத்துல என் ரெண்டு பிள்ளைகளையும் வெச்சுக்கிட்டு தங்கியிருந்தேன். புதன்கிழமை தடுப்பூசி. ஐஸ் பாக்கெட் வெச்ச டப்பாவைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஊரா நடப்பேன்.

பணத்தை யார் முடிவு பண்றாங்கன்னு கேட்டே. நான் பார்த்ததைச் சொல்றேன்.

2005ல தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் வந்துச்சு. அதுல எங்களுக்கு நேரா வந்த பணம், துணை சுகாதார நிலையத்துக்கு வருஷம் 10,000 ரூபாய். கட்டுப்பாடற்ற நிதின்னு பேரு. நானும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கணும். சம்பளத்துக்கு, வண்டி வாங்கறதுக்கு எல்லாம் தொடக் கூடாது. மத்தபடி நிலையத்துக்கு என்ன தேவையோ வாங்கலாம், அவசரத்துக்கு நோயாளியை வண்டி வெச்சு அனுப்பலாம். அதுக்குன்னு ஒரு நாப்பது பக்க நோட்டு வெச்சிருந்தேன், இன்னும் என்கிட்ட இருக்கு. குழந்தை எடை மெஷின், ஜன்னல் துணி, எமர்ஜென்சி லைட்டுக்கு பேட்டரி, பெட்ரோமாக்ஸ் மேன்டில், குடத்துக்குக் குழாய். இதுக்கு நடுவுல ஒரு வரி: "ஜீப் வாடகை 900".

அது 2007 ஐப்பசி. 108 நம்ம மாநிலத்துல ஓட ஆரம்பிச்சது 2008 செப்டம்பர்லதான், அப்ப அது கிடையாது. ஊர்ல ஒரு பொண்ணுக்கு மூணாவது பிரசவம். குழந்தை நல்லா பொறந்துச்சு, நஞ்சும் விழுந்துடுச்சு, ஆனா ரத்தம் நிக்கல. கர்ப்பப்பை சுருங்க மெத்தர்ஜின் ஊசி போட்டேன். அடிவயித்துல கைய வெச்சா கர்ப்பப்பை கெட்டிப்படணும், அது பிசைஞ்ச மாவு மாதிரி கிடக்கு. ஊர்ல ஒரே ஒரு ஜீப். டிரைவர் பையன் "நர்சம்மா, டீசலுக்கே காசு இல்ல"ன்னான். "வண்டிய எடு, நாளைக்கு காலையில பணம் கையில"ன்னு சொன்னேன். நான் சொன்னா அவன் நம்புவான், பேங்க்ல அந்தக் காசு இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். பின் சீட்டுல அந்தப் பொண்ணு தலை அவ மாமியார் மடியில. நான் கீழ உக்காந்து வயித்தைத் தேச்சுக்கிட்டே வர்றேன். இருபது கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவர் எண்ணைச் சத்தமா சொல்லிட்டே இறக்குறான். அடிவாரம் தாண்டி கோரிமேட்டுக்கிட்ட வர்றப்ப கைக்கடியில கர்ப்பப்பை கெட்டியாச்சு. பெரியாஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. அந்தக் குழந்தை இப்ப காலேஜ் படிக்கிறா.

அந்த 900 ரூபாய்தான் தம்பி நான் சொல்ல வர்றது. பெரிய தொகை இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாரையும் கேக்காம செலவு பண்ணலாம்ங்கற ஒரு தொகை.

2021ல மத்திய நிதி அமைச்சகம் ஒரு மாத்தம் கொண்டுவந்துச்சு. மத்திய அரசுத் திட்டப் பணம் எதுவா இருந்தாலும் அந்தந்தத் திட்டத்துக்கு மாநிலத்துல ஒரே தலைமைக் கணக்குல இருக்கணும், கீழ இருக்கறவங்களுக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. எங்க கணக்குல மிச்சம் இருந்ததை வட்டியோட திருப்பிக் கட்டினோம். அதுக்குக் காரணம் இருக்கு, நான் இல்லேங்கல. நாடு பூரா ஆயிரக்கணக்கான கணக்குல பணம் தூங்கிட்டு இருந்துச்சு, அரசாங்கம் அந்தப் பக்கம் வட்டிக்குக் கடன் வாங்குது. கணக்கு சரியா எழுதாதவங்களையும் நான் பார்த்திருக்கேன். ஆனா அதுக்கப்புறம் நாங்க பணத்தைக் கையில எடுக்கறதே இல்ல. உங்களுக்கு இவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு ஒரு வரம்பு வரும். கம்ப்யூட்டர்ல பில்லு ஏத்தணும், கடைக்காரர் பேர் அந்தப் பட்டியல்ல பதிவாகி இருக்கணும், அவர் பேங்க் கணக்குக்குப் பணம் நேரா போகும். ஜீப் ஓட்டுற பையன் எந்தப் பட்டியல்ல இருப்பான்? எனக்கு ஒரு வருஷம் வரம்பு வந்தது மார்ச் மாசம். முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணுன்னாங்க. பெயின்ட் அடிச்சோம். சுவருக்குப் பெயின்ட் வேண்டியதில்லைன்னு எனக்கும் தெரியும், அதை எழுதி அனுப்பினவங்களுக்கும் தெரியும். வேற எதுக்கும் பில்லு கிடைக்காது.

கட்டிடத்துக்கு வர்ற காசு ஆளுக்கு ஏன் வராதுன்னு கேட்டது நியாயமான கேள்வி. நிதிக்குழு பணம் வேற கணக்கு. 2021ல இருந்து 2026 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு சுகாதாரத்துக்குன்னு நாடு முழுக்க உள்ளாட்சிகள் வழியா 70,051 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. கட்டிடம், பரிசோதனைக் கருவி மாதிரியான விஷயங்களுக்கு. நிரந்தரமா ஒரு ஆளைப் போட்டா அஞ்சு வருஷம் கழிச்சு சம்பளம் யார் குடுக்கறதுன்னு வரும், அதனால அந்தப் பணம் செங்கல்லாத்தான் நிக்கும். எம்.எல்.எச்.பி. பொண்ணுங்க நலவாழ்வு இயக்கத்துல ஒப்பந்தம், நிரந்தரம் இல்ல. அவங்களை ராத்திரியும் தங்குன்னு சொல்ல நமக்கு மனசு வராது தம்பி. தனியா ஒரு சின்னப் பொண்ணு, மலையில, காம்பவுண்டு சுவர் கூட இல்லாத கட்டிடத்துல.

இன்னொண்ணும் சொல்லணும். துணை நிலையத்துல பிரசவம் பாக்கறதை அரசாங்கமே வேணும்னுதான் குறைச்சுது. மூணு செவிலியரை ஷிப்ட்ல போட்டு இருபத்துநாலு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் கொண்டுவந்தாங்க. அது சரியான முடிவு. நான் அன்னைக்கு ஜீப்ல பட்ட பாடு எந்த நர்சுக்கும் வேண்டாம். ஆனா சமவெளியில அந்த நிலையம் சைக்கிள் தூரம். மலையில? அரசு விதிமுறைப்படி சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில 3,000 பேருக்கு ஒண்ணு. அந்த 3,000 பேரு எத்தனை முகட்டுல, எத்தனை பள்ளத்துல இருக்காங்கன்னு அந்தக் கணக்குல வராது. பிரசவம் மேலிடத்துக்குப் போயிடுச்சு, அதோட நர்சும் ராத்திரி தங்கறது நின்னுடுச்சு. பகல்ல அவ வேலை முக்கால்வாசி போன்லதான். கர்ப்பிணிப் பதிவு ஒரு ஆப், சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு ஒரு ஆப், சிக்னலுக்காக பாறை மேல ஏறி நின்னு ஓ.டி.பி. கேக்கறா. என் கடைசி ரெண்டு வருஷம் நான் அப்படித்தான் நின்னேன்.

காப்பித்தோட்டம்

அம்மா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேச முடியல. வீட்டுல அம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். "அந்தம்மா நம்ம ஊர்லயும் வேலை பாத்திருப்பாங்களோ"ன்னு கேட்டாங்க. எங்க ஊர்லயும் சுவருக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடிச்சிருக்காங்க, இப்பத்தான் காரணம் புரியுது. தங்கச்சிக்கு போன மாசம் ரத்தம் 9.2ன்னு அட்டையில எழுதியிருக்கு. அது பயப்பட வேண்டியதா? மகப்பேறு உதவித்தொகை முதல் தவணையும் இன்னும் வரல.

அடிவாரம்

நான் ஒரு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருடம் டாக்டராக இருந்தேன். எந்த மலை என்று சொல்ல வேண்டாம். டாக்டர்கள் ஏன் மலையில் நிற்பதில்லை என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் முன்பே நான் சொல்லிவிடுகிறேன், அது என் மனதில் கிடக்கிறது.

முதுநிலைப் படிப்புக்கு, தொலைதூர, கடினமான பகுதியில் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண், அதிகபட்சம் 30 சதவீதம் என்று தேசிய விதி. 2017இல் தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களுக்கான முதுநிலைப் பட்ட இட ஒதுக்கீடு போனபோது இந்த ஊக்க மதிப்பெண்தான் எங்களுக்குக் கையில் இருந்த ஒரே வழி. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று சொன்னது. அதற்குப் பிறகும் மூன்று வருடக் கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. அந்த விதியால்தான் மலைக்கு டாக்டர் வருகிறார். அதே விதியால்தான் முப்பது சதவீதம் சேர்ந்த மறு மாதம் போகிறார். நானும் போனேன். என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் கிளம்பும் நாளில் ஒரு பை நிறைய கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்து, "அடுத்த டாக்டர் எப்போ சாமி வருவாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து மாதம் யாரும் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

9.2 பற்றி: கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்கு மேல் இருக்க வேண்டும். 9.2 என்பது குறைவு, ஆனால் சரி செய்யக்கூடியது. எட்டாம் மாதம் என்பதால் நாளைக்கே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையில் ஏறவில்லை என்றால் இரும்புச் சத்து ஊசியை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. காபித் தோட்டத்து வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லுங்கள்.

மலைநர்ஸ்

டாக்டர் தம்பி சொன்னதே சரி. மனசு விட்டு எழுதினதுக்கு நன்றி. ஆளைக் குறை சொல்லி என்ன, நீங்க மூணு வருஷம் இருந்தீங்களே.

காப்பித்தோட்டம் தம்பி, இனி செய்ய வேண்டியது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவ காத்திருப்பு அறைன்னு ஒண்ணு வெச்சாங்க. தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே போய் அங்க தங்கிக்கலாம், துணைக்கு ஒரு ஆளும் இருக்கலாம், சாப்பாடு உண்டு. அதை வெச்சதே உங்க மாதிரி ஊருக்காகத்தான். உங்களுக்குப் பக்கத்துல அது நடக்குதான்னு சிஸ்டர்கிட்ட நாளைக்கே கேளு. நடக்கலேன்னா, இல்ல ரத்தம் ஏறலேன்னா, காத்திருக்காம சேலத்துக்கு இறக்கிடு. நீ தங்கியிருக்கிற வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கொண்டுவந்து வெச்சுடு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் மழைக்கு மலைப்பாதை சரிஞ்சு வண்டி போகாம நின்னது ஞாபகம் இருக்குமே. அந்த மாதிரி நாள் எதுன்னு யாருக்கும் தெரியாது. பிரசவம் முடிஞ்சு திரும்ப 102 வண்டி கேட்டு வாங்கு.

பணம் வராததுக்குப் பெரும்பாலும் ஆதார்தான் காரணம். அவ பேங்க் கணக்குல ஆதார் சேர்ந்திருக்கான்னு பாரு, கல்யாணத்துக்கு முன்னாடி பேரு, இப்பப் பேரு ரெண்டும் ஒண்ணா இருக்கான்னும் பாரு. கர்ப்பிணிப் பதிவு எண்ணைப் பத்திரமா வெச்சுக்க, குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேணும்.

ஊர் விஷயத்துக்கு, அடுத்த கிராம சபையில எழுதிக் குடு. "நர்ஸ் வேணும்"னு மட்டும் எழுதாதே, அதைப் படிச்சுட்டு வெச்சுடுவாங்க. ராத்திரி அவசரத்துக்கு வாடகை ஜீப்புக்குப் பணம் குடுக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தோட நோயாளர் நலச் சங்கக் கணக்குல ஜீப் வெச்சிருக்கிறவரைப் பதிவு பண்ணித் தரச் சொல்லி எழுது. வண்டி நம்பர், அவர் பேங்க் கணக்கு விவரம் ரெண்டையும் அதோட வெச்சு வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு நகல், மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு நகல் அனுப்பு. கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பேர் ஏறிட்டா அடுத்த நர்சுக்கு அது இருக்கும். காம்பவுண்டு சுவரும் கேளு. சுவரும் விளக்கும் இருந்தா வாரத்துல ரெண்டு ராத்திரியாவது தங்கறேன்னு சொல்ற பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன்.

ரத்த ரிசல்ட் வந்ததும் எண்ணை மட்டும் இங்க எழுது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துப் போட்டுடாதே, அதுல தங்கச்சி பேரும் நம்பரும் இருக்கும். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல நான் இங்க பாப்பேன்.